புற்றுநோயாளரும் போசணையும்

திருக்குறளில் 'மருந்து' எனத் தலைப்பிட்ட அதிகாரத்தை எடுத்து நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். அங்கே பச்சிலையின் பெயரோ வேரின் பெயரோ குளிகையின் பெயரோ ஒன்றேனும் இல்லை. பத்துக் குறள்களுட் பாதிக்கு மேற்பட்டவை உண்ணும் முறையையே கூறுகின்றன. இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து மருந்தூட்டித் துணைநிற்பவனையும் ஒரு கூறாக வைத்து எண்ணுகின்றது. உணவை மருந்தின் அதிகாரத்திலேயே வைத்ததும், துணைநிற்பவனை மருத்துவனோடு ஒருங்கு எண்ணியதும் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கன. இவ்விரண்டும் பிற நோய்களினும் புற்றுநோய்க்கே மிகப் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புற்றுநோய் வைத்தியம் நம் காலத்திற் பெரிதும் வளர்ந்துள்ளது. சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, இரசாயன மருந்துச் சிகிச்சை என்பனவெல்லாம் முன்னையினும் நுட்பமடைந்துள்ளன. இலங்கையிலே மகரகமை அபேக்ஷா வைத்தியசாலை முதலிய அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. வடபகுதி மக்களுக்கெனத் தெல்லிப்பழையிலும் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. 2011 ஆம் ஆண்டில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைப் பலர் கால்நடையாகக் கடந்து திரட்டிய நிதியினால் எழுந்தது அது. 2013 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இனமும் மொழியும் பாராது பலர் கூடி முயன்றால் எது கைகூடும் என்பதற்கு அதுவே சான்று.

ஆயினும், ஒரு குறை எஞ்சி நிற்கின்றது. மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. அம்மருந்தைத் தாங்கும் உடலைப் பேணுதற்கு வேண்டிய உணவோ நோயாளியின் வீட்டு அடுக்களையையே நம்பியிருக்கின்றது. அவ்வடுக்களையில் வறுமை இருக்கலாம். அன்பு மிகுந்தும் அறிவு குறைந்திருக்கலாம். இவ்விரண்டினாலும் நோயாளி பசித்திருப்பாராயின், விலைமதிப்பற்ற சிகிச்சையும் பாதிப் பயனே தரும்.

உடல் மெலிவதேன்?

புற்றுநோய் என்றால் உடல் மெலிந்தே தீரும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். அது முழுதும் உண்மையன்று, முழுதும் பொய்யுமன்று. இதனை விளங்கிக்கொள்வதற்கு முதலில் வெறும் பட்டினி யாது செய்யும் என அறிதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிவுறும் காலத்தில், அமெரிக்காவிலுள்ள மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு பரிசோதனை நடத்தினார். 1944, 1945 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அப்பரிசோதனைக்கு உடல்நலமுள்ள இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்தனர். அவர்களுக்கு 24 வாரங்கள் அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கை இழந்தனர். எடை மட்டுமா குறைந்தது? ஊக்கம் குன்றிற்று, குளிர் தாங்கமுடியவில்லை, சோர்வும் சினமும் துயரும் மேலிட்டன, உணவைத் தவிர வேறு நினைவே அற்றுப்போயிற்று. மீண்டும் வயிறார உண்டபோது படிப்படியாகத் தேறினர். நோயாளி ஒருவர் வாய்திறவாது சுவரை நோக்கிப் படுத்திருப்பதைக் கண்டு 'மனம் உடைந்துவிட்டார்' என்று கூறுகின்றோம். அவர் மனத்தை உடைத்ததிற் பசிக்கும் பங்குண்டோ என்று எண்ணிப்பார்ப்பதில்லை.

புற்றுநோயில் உடல் மெலிவதற்கு மூன்று காரணங்கள் உள. முதலாவது, உணவு செல்லும் வழி தடைப்படுதல். வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றில் நோய் தோன்றின் விழுங்குதல் அரிதாகும். இரண்டாவது, சிகிச்சையின் விளைவு. குமட்டல், வாய்ப்புண், சுவைகெடுதல், வயிற்றோட்டம் என்பன உண்ணும் விருப்பையே அழித்துவிடும். மூன்றாவது, நோய் தானே உடலில் எழுப்பும் அழற்சி. நோயை எதிர்க்க எழும் இரசாயனப் பொருள்கள் மூளையிலே பசியுணர்வை அடக்குவதோடு, தசையிலுள்ள புரதத்தையும் கரைக்கின்றன. வெறும் பட்டினியில் உடல் கொழுப்பை முதலிற் செலவிட்டுத் தசையை இயன்றவரை காக்கும். இங்கோ அக்காவல் தளர்ந்து, கொழுப்பும் தசையும் ஒருங்கே தேய்கின்றன.

இம்மூன்றாவது தேய்வை உணவொன்றினாலே முற்றாக மாற்றுதல் இயலாது என்பதை ஒளியாது கூறவேண்டும். ஆனால், முதலிரண்டு காரணங்களால் வரும் இழப்பைப் பெருமளவு தடுக்கலாம். மூன்றாவதன் வேகத்தையும் குறைக்க முயலலாம். உணவோடு சிறு நடையும் இயன்ற உடற்பயிற்சியும் சேர்ந்தாற் தசை நிலைக்கும். பயன்படுத்தாத தசையை உடல் பேணுவதில்லை.

எடை குறைதல் எப்பொழுது அபாயமாகும்? 2011 ஆம் ஆண்டில் பல நாட்டு நிபுணர் கூடி ஓர் அளவு வகுத்தனர். முயலாமலே ஆறு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இழத்தல் அவ்வளவு. அறுபது கிலோகிராம் எடையுள்ளார் மூன்று கிலோவுக்கு மேல் இழந்தாற் போதும்; அபாய எல்லையைக் கடந்துவிட்டார். முன்னரே மெலிந்த உடலினர்க்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேற்பட்ட இழப்பே அபாயமாகும். சட்டை தளர்ந்தது, மோதிரம் கழன்றது என்று நாம் சாதாரணமாகக் கூறுவனவெல்லாம் இவ்வெல்லையின் அறிகுறிகளே.

இவ்விழப்பின் விளைவு சிறிதன்று. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரை நோக்கியது. இரசாயனச் சிகிச்சை தொடங்குமுன்னரே எடை இழந்திருந்தோர், பெரும்பாலான புற்றுநோய் வகைகளில், இழவாதோரிலும் குறைந்த காலமே வாழ்ந்தனர் என அது காட்டியது. மெலிந்த உடலில் மருந்தின் நச்சுத்தன்மை மிகும். ஆதலால் வைத்தியர் அளவைக் குறைக்கவோ நாளைத் தள்ளிவைக்கவோ நேரும். சத்திரசிகிச்சைப் புண் ஆறத் தாமதிக்கும். தொற்றுநோய்கள் எளிதிற் பற்றும். உணவுக் குறை இவ்வாறு சிகிச்சைக் குறையாக மாறுகின்றது.

எவ்வளவு உணவு வேண்டும்?

இக்கால ஐரோப்பிய வைத்திய நெறிகள், புற்றுநோயாளர்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 25 முதல் 30 வரை கலோரி வேண்டுமென்றும், புரதம் ஒரு கிராமுக்கு மேலாக, இயலுமாயின் ஒன்றரைக் கிராம் வரை வேண்டுமென்றும் கூறுகின்றன. அஃதாவது, ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர்க்கு நாளொன்றுக்கு 1,250 முதல் 1,500 வரை கலோரியும், 50 முதல் 75 கிராம் வரை புரதமும் வேண்டும். சிறுநீரக நோய், நீரிழிவு முதலியன உடனிருப்பின் இவ்வளவை வைத்தியரே வகுத்தல் வேண்டும்.

இனி, நோயாளிக்கு நம் வீடுகளில் அளிக்கும் கஞ்சியை இவ்வளவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பைத் தெளிந்த கஞ்சியில் இரண்டு மேசைக்கரண்டி அரிசி, அஃதாவது ஏறக்குறைய 25 கிராம், இருக்கும். அதனால் வருவது 90 கலோரியும், இரண்டு கிராமுக்கும் குறைந்த புரதமுமே. நாள் முழுதும் ஐந்து கோப்பை குடித்தாலும் 450 கலோரியும் ஒன்பது கிராம் புரதமும் தாண்டாது. மினசோட்டாவில் அரைவயிற்று உணவு பெற்ற இளைஞருக்குக்கூட நாளொன்றுக்கு 1,500 கலோரிக்கு மேற் கிடைத்தது. நாம் அன்போடு கரண்டி கரண்டியாக ஊட்டுவது, அவர்களுக்குக் கொடுத்ததில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு.

கஞ்சியை விலக்கவேண்டும் என்பது இதன் கருத்தன்று. விழுங்க எளிதும் வயிற்றுக்கு இதமும் ஆகிய அது நம் முன்னோர் கண்ட நல்லுணவே. அதனைச் செறிவாக்குதலே வேண்டுவது. அதே இரண்டு மேசைக்கரண்டி அரிசியோடு 25 கிராம் வறுத்த பயறும், அரைக் கோப்பை முதற்பாலும் சேர்த்துக் காய்ச்சினால், அக்கஞ்சி ஏறக்குறைய 375 கலோரியும் பத்துக் கிராம் புரதமும் தரும். கோப்பையின் அளவு பெரிதாகவில்லை. அதன் ஆற்றலோ நான்கு மடங்காயிற்று. உண்ணும் ஆற்றல் குறைந்தவருக்கு உணவளிக்கும் கலையின் சாரம் இதுவே: அளவைக் கூட்டாது சத்தைக் கூட்டுதல். இடியப்பத்துக்குச் சொதியை முதற்பாலிற் காய்ச்சுதல், பருப்பைக் கடைந்து நெய் விடுதல், பாலிற் சிறிது பால்மா கரைத்துக் கெட்டியாக்குதல், சத்துமாவை நல்லெண்ணெயும் சர்க்கரையும் இட்டுக் குழைத்தல் என்பன அவ்வகையிலடங்கும். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதமும், ஒரு தம்ளர்ப் பாலிலும் அவ்வளவும், நூறு கிராம் மீனில் இருபது கிராம் வரையும் உண்டு.

சைவ உணவினர் இதனால் மனங்கலங்க வேண்டியதில்லை. நூறு கிராம் பயற்றிலும் பருப்பிலும் புரதம் ஏறக்குறைய 24 கிராம் உண்டு. பால், தயிர், உழுந்து, எள், கச்சான், சோயா என்பனவற்றைச் சோற்றோடு கலந்துண்பார்க்குப் புலாலின்றியே போதிய புரதம் கிடைக்கும்.

பத்தியமும் பட்டினியும்

நோய் வந்தவுடன் வீட்டார் முதலிற் கேட்கும் கேள்வி 'எதைக் கொடுக்கக் கூடாது?' என்பது. 'எதைக் கொடுக்கவேண்டும்?' என்று கேட்பவர் சிலரே. கிரந்தி என்று மீனும் முட்டையும் விலக்கப்படும். குளிர் என்று தயிரும் பழமும் விலக்கப்படும். சூடு என்று வேறு சில விலக்கப்படும். சுற்றத்தார் ஒவ்வொருவரும் வந்து ஒவ்வொன்றை விலக்கிச் சென்றபின் எஞ்சுவது கஞ்சித் தெளிவும் கொத்தமல்லி நீருமே. பத்தியத்தின் உண்மைப் பயனை நாம் பழிக்கவில்லை. வயிற்றோட்டத்தின்போது காரத்தையும் பொரித்ததையும் நீக்குதல் பத்தியமே. வாய்ப்புண்ணின்போது புளியை நீக்குதலும் பத்தியமே. குறித்த காரணத்திற்காகக் குறித்த காலத்துக்கு விலக்குவது பத்தியம். காரணமும் காலமும் இன்றி எல்லாவற்றையும் விலக்குவது பட்டினி.

இக்காலத்தில் இதனோடு ஒரு புதுப் பத்தியமும் சேர்ந்துள்ளது. 'சீனி புற்றுநோயை வளர்க்கும். ஆதலால் மாப்பொருளை நிறுத்தினால் நோய் பட்டினியால் இறந்துபோம்' என்பது அது. ஜேர்மனிய அறிஞர் ஒட்டோ வார்பேர்க் 1920 ஆம் ஆண்டுகளில், புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை மிகுதியாகச் செலவிடுகின்றன எனக் கண்டது உண்மையே. இவ்வியல்பைக் கொண்டே இன்று நோய் பரவிய இடங்களைப் படம்பிடித்துக் காண்கின்றனர். ஆனால், உணவில் மாப்பொருளை நிறுத்தினால் இரத்தத்திற் குளுக்கோசு இல்லாது போவதில்லை. ஈரல் தசையின் புரதத்தை எடுத்துக் குளுக்கோசாக மாற்றிக்கொள்ளும். பட்டினி கிடப்பது நோயன்று, நோயாளியே. நீரிழிவு உடையார் சீனியைக் கட்டுப்படுத்தல் வேண்டும் என்பது வேறு செய்தி.

விரதத்தைக் குறித்தும் ஒரு சொல். கந்தசட்டி, கௌரி காப்பு, வெள்ளிக்கிழமை விரதம் என்பனவற்றை ஆயுள் முழுதும் நோற்று வந்த தாய்மார், நோயுற்ற காலத்தில் அவற்றைக் கைவிட மனம் ஒவ்வார். பிணியாளர்க்கு விலக்களித்தல் நம் சமய வழக்கிற்கு மாறானதன்று. பாலும் பழமும் உண்டு வழிபாட்டை நிறைவேற்றலாம் என அவர்க்கு எடுத்துரைப்பது மக்கள் கடன். மூலிகைக் கசாயங்களையும் விலையுயர்ந்த மாவகைகளையும் வைத்தியர் அறியாமற் கொடுத்தலும் தகாது. அவற்றுட் சில மருந்தோடு மாறுபட்டுக் கேடு செய்யும்.

இடர்களும் உபாயங்களும்

இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் கூட்டு அதற்கு முதற்காரணம். புகையிலை சேராத பாக்குந்தானே புற்றுநோய் விளைக்கும் பொருளென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இந்நோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோர் வாரத்தில் ஐந்து நாளாக ஆறேழு வாரம் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இரண்டாம், மூன்றாம் வாரமளவில் வாயெல்லாம் புண்ணாகி, உமிழ்நீர் வற்றி, ஒரு வாய் நீரும் நெருப்பாகத் தோன்றும். இவ்வாரங்களே போசணையிற் போராட்டம் நிகழும் காலம்.

வாய்ப்புண் உள்ளார்க்கு உணவு ஆறியதாகவும் மென்மையாகவும் இருத்தல் வேண்டும். காரம், புளி, முறுகல் என்பன ஆகா. குழைசாதத்தோடு கடைந்த பருப்பு, பயற்றங்கஞ்சி, பால்சேர்ந்த சவ்வரிசி, மசித்த கதலிப்பழம், அரைவேக்காடாக அன்றி முற்ற அவித்து மசித்த முட்டை என்பன ஏற்றவை. கொதித்தாறிய நீரிற் சிறிது உப்பும் அப்பச்சோடாவும் கரைத்து நாளிற் பலமுறை கொப்பளித்தல் நன்று. நோவு தணிக்கும் மருந்தை உணவுக்கு அரைமணி முன்னர் எடுத்தால் விழுங்குதல் எளிதாம். அதனை வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம்.

குமட்டல் உள்ளார்க்கு மூன்று வேளைப் பேருணவு ஒவ்வாது. இரண்டு மணிக்கொருமுறை சிறிது சிறிதாக ஆறேழு வேளை கொடுத்தல் வேண்டும். தாளிதத்தின் மணமே சிலர்க்கு வாந்தியெடுப்பிக்கும். அடுக்களையிலிருந்து தூரத்தே காற்றோட்டமான இடத்தில் அமர்த்தி, சூடாறிய உணவு கொடுப்பின் மணம் குறையும். சிலர்க்குக் காலையிற் பசி நன்றாயிருக்கும். அவர்க்குக் காலையுணவையே பேருணவாக்குதல் வேண்டும். வயிற்றோட்டத்துக்கு 'ஜீவனி' போன்ற உப்புக் கரைசலும் இளநீரும் கஞ்சியும் உதவும். ஓட்டம் நில்லாவிடின் வைத்தியரை நாடல் வேண்டும்.

இரசாயனச் சிகிச்சையினால் வெண்குருதிக் கலங்கள் குறையும் காலத்திற் பழமும் காய்கறியும் முற்றாக விலக்கவேண்டும் என்று முன்னர்க் கூறினர். அவ்விலக்கினால் தொற்று குறைந்ததாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. வேண்டுவது தூய்மையே. கைகழுவுதல், கொதித்தாறிய நீர், நன்றாகக் கழுவித் தோல் சீவிய பழம், புதிதாகச் சமைத்த உணவு, பழஞ்சோறும் கடையில் திறந்து வைத்த பண்டமும் விலக்கல் என்பனவே காவல்.

விழுங்கவே இயலாதார்க்கு மூக்கின் வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயினாலேனும், வயிற்றில் இட்ட சிறு துளையின் வழியாகவேனும் உணவு செலுத்துவர். குழாயைக் கண்டதும் 'இனி முடிந்தது' என்று வீட்டார் அழுதல் வழக்கம். பலருக்கு அக்குழாய் சிகிச்சையைக் கடத்திவிடும் தோணியாகும். புண் ஆறியபின் அது அகற்றப்படும். பலநாள் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதிருந்தார்க்கு ஒருங்கே மிகுதியாக ஊட்டுதலும் ஆபத்து. இரண்டாம் உலகப் போரிற் சிறை மீண்ட பட்டினியாளர் சிலர், திடீரென வயிறார உண்டபின் நோயுற்று இறந்தனர். இரத்தத்திற் பொசுபேற்று முதலிய உப்புக்கள் திடீரெனக் குறைதலே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. இத்தகையார்க்கு முதற் சில நாட்கள் வைத்தியர் கண்காணிப்பிற் சிறிது சிறிதாகவே உணவு கூட்டல் வேண்டும்.

இறுதியாக, நோய் முற்றி முடிவு நெருங்கியார்க்குப் பசி தானே அடங்கும். அப்பொழுது வற்புறுத்தி ஊட்டுதல் அவர் துன்பத்தைக் கூட்டுமேயன்றி ஆயுளைக் கூட்டாது. உதடு நனைய ஒரு துளி நீர், விரும்பிக் கேட்ட ஒரு வாய்ப் பழச்சாறு, அருகே ஒரு கை என்பனவே அந்நிலைக்கு உரிய போசணை. 'உணவு கொடாது விட்டோமே' என்று பின்னர் எவரும் நெஞ்சு நோகவேண்டியதில்லை.

உணவுக்கு யார் வழி செய்வது?

இதுவரை கூறியவற்றை அறிந்திருந்தும் செய்ய இயலாத குடும்பங்கள் பல. உழைப்பவர் நோயுற்றால் உழைப்பு நின்றுவிடும். துணைசெல்பவரின் கூலியும் நின்றுவிடும். முல்லைத்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ மகரகமைக்குச் சென்று மீளும் செலவு, ஒரு கிழமைக்குரிய முட்டையையும் பாலையும் விழுங்கிவிடும். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில் உணவு விலை முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்திருந்தது. அத்தகைய காலங்களில் வறிய வீடுகளில் முதலில் மறைவது புரத உணவே. அரிசி எஞ்சும், முட்டை எஞ்சாது.

அரசாங்கத்தின் உதவிகள் இல்லாமலில்லை. வறிய குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் வழங்கும் அஸ்வெசும திட்டம் 2023 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. மாகாணச் சமூக சேவைத் திணைக்களங்களும் புற்றுநோயாளர்க்கு நோய் உதவிக்கொடுப்பனவு அளிப்பதுண்டு. கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும் அணுகி விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் சான்றும் கிளினிக் கொப்பியும் கைவசம் இருத்தல் நன்று. ஆனால், திரிபோஷா போன்ற சத்துமா கருப்பவதிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் குழந்தைகட்கும் என வகுத்தது. புற்றுநோயாளர் அதன் வரம்புள் வாரார். பணவுதவியோ குடும்பத்தின் கடனிலும் பேருந்துச் செலவிலும் கரைந்துவிடும். உணவை உணவாகவே நோயாளியின் கையிற் சேர்க்கும் ஏற்பாடு வேறாக வேண்டும்.

பிறநாடுகளில் இவ்வேற்பாடு எவ்வாறு நடைபெறுகின்றது? 1985 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில், எயிட்ஸ் நோயால் எழ இயலாதிருந்தார்க்குச் சமைத்த உணவை வீட்டிற் கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டு தொடங்கிற்று. 'கோட்ஸ் லவ் வீ டெலிவர்' என்னும் அந்நிறுவனம் பின்னர்ப் புற்றுநோயாளர் முதலிய பிற நோயாளர்க்கும் அப்பணியை விரித்தது. அங்கே உணவு நிபுணர், நோய்க்கும் சிகிச்சைக்கும் ஏற்ப உணவை வகுக்கின்றனர். மும்பாயில் 2013 ஆம் ஆண்டில் எழுந்த 'கடில்ஸ்' நிறுவனம், புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் வறிய சிறுவர்க்கென வைத்தியசாலைகளில் உணவு நிபுணரை அமர்த்துகின்றது. சமைத்த உணவும் சத்துணவும் கொடுப்பதோடு, குடும்பத்துக்கும் அரிசி பருப்பு வழங்குகின்றது. குடும்பம் முழுதும் பசித்திருக்கையில் ஒரு குழந்தைக்கு மட்டும் பால் கொடுத்தால், அத்தாய் அதனைப் பங்கிடாது என் செய்வாள்?

பழைய மாணவர் செய்யத்தக்கது

எமது கல்லூரியின் விழாக்காலத்திற் கட்டடமும் விளையாட்டரங்கும் குறித்துப் பேசுகின்றோம். அவை வேண்டுவனவே. அவற்றோடு, செலவு சிறிதும் பயன் பெரிதுமாகிய ஒரு பணியைப் பழைய மாணவர் முன்வைக்க விரும்புகின்றோம்.

ஐம்பது கிலோ எடையுள்ள நோயாளி ஒருவர்க்கு ஒரு கிழமைக்கு வேண்டிய புரதத்தை ஒரு பையில் அடக்கிப் பார்ப்போம். முட்டை 14, பயறு 750 கிராம், பருப்பு 750 கிராம், பால்மா 400 கிராம் பைக்கற்று ஒன்று. முட்டையால் 84 கிராம், பயற்றாலும் பருப்பாலும் 360 கிராம், பால்மாவால் ஏறக்குறைய 100 கிராம் ஆகப் புரதம் 544 கிராம் ஆகின்றது. நாளொன்றுக்கு 77 கிராமுக்குக் குறையாது. அரிசியிலுள்ளதைச் சேர்க்காமலே வேண்டிய அளவு நிறைந்துவிட்டது. முட்டை உண்ணாதார்க்குச் சோயாவும் தயிரும் ஈடாகும். இவ்வளவும் மூன்று கிலோவுக்குட்பட்ட ஒரு பை. வீட்டிற் பிள்ளைகள் இருப்பின் பை இரண்டாக வேண்டும். பகிரப்படும் என்று அறிந்தே கொடுத்தல் அறிவுடைமை.

ஒரு நோயாளியின் கதிர்ச் சிகிச்சை ஆறேழு வாரம். அதனை ஒரு வகுப்பினர், அஃதாவது ஓராண்டில் ஒருங்கு கல்லூரி விட்டோர், பொறுப்பேற்றால் வாரம் ஒருவராக ஏழுபேர் முறைவைத்து முடித்துவிடலாம். யாருக்கு எப்பொழுது வேண்டும் என்பதை வைத்தியசாலையின் வைத்தியரும் தாதிமாரும் உணவு நிபுணரும் அறிவர். அவர்கள் குறிப்பின்படியே செய்தல் வேண்டும். ஒவ்வொரு வாரமும் நோயாளியின் எடையை ஒரு சிறு கொப்பியிற் குறித்துக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்லச் செய்வதும் பணியின் ஓர் அங்கம். நிறுத்துப் பாராத இழப்பு கண்ணுக்குப் புலப்படுமுன் காலம் கடந்துவிடும்.

கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பையைக் கையிற் கொடுத்துப் படம் எடுத்தல், பெயரை வெளியிடுதல் என்பன தகா. நோயினாற் தலைமயிர் இழந்து, முகம் வீங்கி நிற்பவரை ஒளிப்படத்தில் நிறுத்துவது அவர் உண்ணும் சோற்றிற் கல்லிடுவதை ஒக்கும். அயலவர் வந்து போவதுபோல வந்து, அடுக்களையில் வைத்துச் செல்வதே அழகு. இன்று கல்லூரியிற் பயிலும் மாணவருக்கும் இதிற் பங்குண்டு. ஒரு கோப்பைக் கஞ்சியின் கலோரியையும் புரதத்தையும் கணக்கிடுவது அவர்தம் விஞ்ஞான பாடத்துக்குள் அடங்கியதே. அக்கணக்கைத் தம் வீட்டிலும் அயலிலும் எடுத்துரைப்பாராயின், தெளிந்த கஞ்சி பயற்றங்கஞ்சியாக மாறும் வீடுகள் பலவாகும்.

புற்றுநோயின் மருந்தைக் கண்டுபிடிப்பது நம்முட் பலர்க்கு இயலாது. கண்டுபிடித்த மருந்தைத் தாங்கும் உடலுக்கு இரண்டு முட்டையும் ஒரு பிடி பயறும் நாள்தோறும் சேர்ப்பது நம்முள் எவர்க்கும் இயலும். இவ்விழா ஆண்டு முடியுமுன் ஒவ்வொரு வகுப்பினரும் ஒரு நோயாளியின் ஆறேழு வாரத்தையேனும் ஏற்றுக்கொள்வாராயின், அதுவே இம்மலருக்கு நாம் செய்யும் நிறைந்த பயன் என்பது எமது துணிபு.